தலைப்பிடாத பாறை

மாமல்லபுரத்தின் பெரிய புடைப்புச் சிற்பத்தை ஊரே அர்ச்சுனன் தபசு என்று அழைக்கிறது. ஆனால் இது இன்னாருடைய கதை என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அந்தப் பாறையில் இல்லை. அதே ஊரில் தர்மராஜ ரதத்தின் மீது அரசனின் விருதுப் பெயர்களை எழுத்தெழுத்தாக வெட்டி வைத்தவர்கள், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 12 மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட ஒரு பாறை முகத்தை நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களால் நிரப்பிவிட்டு, அதற்கு ஒரு பெயர்கூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு படம் தன்னைப் பார்ப்பவரிடம் பொருளை எப்படிக் கொண்டு சேர்க்கிறது என்ற கேள்வி எனக்குள் எழும்போதெல்லாம் நான் இந்தப் பாறையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். சொல்லின் துணையே இல்லாமல் ஒரு படத்தால் எவ்வளவு தூரம் பேச முடியும், எந்த இடத்தில் அது வேண்டுமென்றே பேச்சை நிறுத்திக்கொள்கிறது என்ற இரண்டையும் இங்கே ஒருசேரக் காணலாம்.

முதலில் அந்தப் பிளவைச் சொல்ல வேண்டும். சிற்பம் ஒரே பாறையில் இல்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கருங்கற் பாறைகளில் இருக்கிறது. நடுவிலுள்ள பிளவு இயற்கையானது. வேறு யாராக இருந்தாலும் அதைக் குறையாகக் கருதி ஒதுங்கிப் போயிருப்பார்கள். பல்லவச் சிற்பிகளோ மொத்தக் காட்சியையும் அதை மையமாக வைத்தே அமைத்தார்கள். இடப்புறமிருந்தும் வலப்புறமிருந்தும் தேவர்களும் கந்தர்வர்களும் கின்னரர்களும் முனிவர்களும் விலங்குகளும் அதை நோக்கியே வருகிறார்கள். பிளவுக்குள் நாகராசனும் நாகினியும் கைகூப்பியபடி மேல்நோக்கி எழுகிறார்கள். கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே திசையில் பார்த்தால் பதினோராவது ஆளின் கண்ணும் தானாக அங்கேதான் திரும்பும். அந்த இயல்பை நம்பித்தான் இந்தச் சிற்பம் கட்டப்பட்டிருக்கிறது. எதிரே வந்து நிற்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அவர் பார்க்கும் அந்த இடத்தில் இருப்பது வறண்ட கல்லிடுக்குதான். அதை ஆறாக்குவது எது? பாறையின் உச்சியில் நீரைத் தேக்கி, விழா நாட்களில் பிளவின் வழியே வழிய விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படி நீர் வழிந்தபோது அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இன்று ஒரு துளி நீர் இல்லாதபோதும் நாம் அங்கே ஆற்றைத்தான் பார்க்கிறோம். பிளவின் இடப்புறம், கீழ்ப்பகுதியில் ஒரு சிறு கோயிலை அடுத்து நிற்கும் மனிதர்களைக் கவனித்தால் அதற்கான காரணம் விளங்கும். ஒருவர் நீராடி எழுந்து தம் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். இன்னொருவர் நிறைகுடத்தைத் தோளில் சுமந்து செல்கிறார். மற்றொருவர் விரல்களைக் கோத்து அவற்றின் இடைவெளி வழியாகச் சூரியனைப் பார்க்கிறார். நண்பகல் வழிபாட்டில் இன்றும் செய்யப்படும் செயல் அது. துணி முறுக்கேறியிருப்பதால் அது நனைந்த துணி என்று தெரிகிறது. அது நனைந்திருப்பதால் பக்கத்தில் நீர் இருக்கிறது என்று தெரிகிறது. பக்கத்தில் இருப்பதோ அந்தப் பிளவுதான். இந்தக் கணக்கைப் பார்ப்பவரின் மனம் ஒரு கணத்தில், தான் போடுகிறோம் என்பதே தெரியாமல், போட்டு முடித்துவிடுகிறது. நீரைச் செதுக்க முயலாமல், நீரால் நேர்ந்ததைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படம் தன் பொருளில் பாதியைப் பார்ப்பவரே வருவித்துக்கொள்ளும்படி விட்டுவைக்கும்போதுதான் அது அவருடைய சொந்த அனுபவமாகிறது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது இந்தப் பிழியும் கை.

அளவுகளிலும் இதே நுட்பம் இருக்கிறது. பிளவின் வலப்புறம், கிட்டத்தட்ட நாம் நிற்கும் தரையின் மட்டத்திலேயே, உயிருள்ள யானையின் பருமனில் யானைகள் நிற்கின்றன. அவற்றின் கால்களுக்கிடையே குட்டிகள் இருக்கின்றன. மேலே போகப் போக உருவங்கள் சிறுக்கின்றன. இந்தக் காட்சிக்குச் சட்டமோ விளிம்போ கிடையாது. பாறை முடியும் இடத்தில் சிற்பமும் முடிகிறது. யானையும் நாமும் ஒரே நிலத்தில் நிற்பதால், அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நாமும் சேர்ந்துவிடுகிறோம். புகைப்படத்தில் இது முற்றிலும் தொலைந்துபோகிறது. நிழற்பட ஏட்டில் மிக அழகாகத் தெரியும் அதே யானைகள் அங்கே வெறும் யானைச் சிற்பங்களாக இருக்கின்றன. நேரில் நிற்கும்போது நம்மோடு வந்து நின்றவையாக இருக்கின்றன.

இனி இது யாருடைய கதை என்ற பழைய வழக்குக்கு வருகிறேன். பிளவின் இடப்புறம், மேற்பகுதியில், விலா எலும்புகள் தெரிய, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, ஒற்றைக் காலில் நிற்கிறார் ஒரு தவசி. அவருக்கு எதிரே நான்கு கைகளுடன் சிவன் நிற்கிறார். அவருடைய ஒரு கை வரம் அருளும் முத்திரையில் இருக்கிறது. சுற்றிலும் பூதகணங்கள் நிற்கின்றன. இவற்றுள் வயிற்றிலேயே முகம் கொண்ட ஒரு பூதத்தைக் குழந்தைகள் தவறாமல் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தத் தவசி, சிவனின் படைக்கலமான பாசுபதாஸ்திரத்தை வேண்டித் தவம் செய்த அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. வானத்துக் கங்கையை மண்ணுக்குக் கொண்டுவரத் தவம் செய்த பகீரதன் என்பது இன்னொரு கட்சி. பிரெஞ்சு மொழியில் எழுதிய விக்டர் கோலுபேவ் 1914-இல் இதை வலுவாக முன்வைத்தார். மயிலை சீனி. வேங்கடசாமி இது சமணக் கதை என்றே வாதிட்டார்.

அர்ச்சுனன் கட்சியைக் கேட்டால், வரம் தரும் கையும் போர்க்கருவியும் இதோ இருக்கின்றன என்பார்கள். அப்படியானால் அந்தக் கதையின் உயிரான பன்றி எங்கே, வேட்டுவ வடிவில் வந்த சிவன் எங்கே, இருவரும் மோதிய போர் எங்கே என்று மற்றவர்கள் கேட்பார்கள். பகீரதன் கட்சியைக் கேட்டால், பிளவையும் நாகங்களையும் நீராடுவோரையும் காட்டுவார்கள். அப்படியானால் கங்கையைத் தாங்கிய சடை எங்கே என்ற கேள்வி எழும். இரு பக்கமும் சான்றுகள் இருக்கின்றன. இரு பக்கமும் ஓட்டைகளும் இருக்கின்றன.

இந்த ஓட்டைகள் கைத்திறன் போதாமையால் நேர்ந்தவை அல்ல என்பதற்குத் திருச்சிராப்பள்ளிக்குப் போனால் விடை கிடைக்கும். மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் கங்காதரர் சிற்பம் ஒன்று இருக்கிறது. அங்கே சிவன் தம் சடைக்கற்றை ஒன்றைக் கையால் நீட்டிப் பிடித்திருக்க, கங்கை சிறிய பெண்ணுருவாக அதில் இறங்கி வருகிறாள். அதைப் பார்த்து எவரும் வேறு கதை சொல்ல முடியாது. கங்கை இறங்கிய கதையை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டும் கலை பல்லவர்களுக்கு முன்பே கைவந்திருந்தது. மாமல்லபுரத்துப் பாறை மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் காலத்தது என்று பலரும், ராஜசிம்மன் காலத்தது என்று சிலரும் கொள்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் திருச்சிச் சிற்பத்துக்குப் பின்னர் வந்தது இது. ஒரு கற்றைச் சடையைச் செதுக்கியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஒரு பன்றியைச் செதுக்கியிருந்தாலும் முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய பாறையில் இரண்டுக்கும் இடமிருந்தும் இரண்டையும் செதுக்கவில்லை. அது அவர்களுடைய முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஒரே தொடரில் இரண்டு பொருள் இயங்கும்படி எழுதுவதைச் சிலேடை என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த அணியை விரிவாக ஆராய்ந்த தண்டி, காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவராகச் சொல்லப்படுபவர். தமிழில் தண்டியலங்காரம் அவர் வழி வந்ததுதான். இரட்டைப் பொருளை அறிவின் உயர்ந்த விளையாட்டாகக் கொண்டாடிய ஓர் அவை, கல்லிலும் அதைச் செய்து பார்க்க விரும்பியதில் வியப்பில்லை. அரசனுக்கும் இரண்டு கதைகளும் வேண்டியவையே. பகைவரை வெல்லத் தெய்வத்திடமிருந்து படைக்கலம் பெற்ற வீரனின் கதை, 642-இல் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றிய ஒரு மரபின் பெருமையைப் பேசும். முன்னோரைக் கரையேற்ற ஆற்றையே கொண்டுவந்தவனின் கதை அதே மரபின் அறத்தைப் பேசும். அமெரிக்க ஆய்வாளர் பத்மா கைமல் உள்ளிட்ட சிலர் இந்த இரட்டைப் பொருளே சிற்பத்தின் நோக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

இந்தச் சிற்பத்தில் ஒரு பூனையும் உண்டு. அதை இவ்வளவு நேரம் தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. பிளவின் வலப்புறம், பெரிய யானையின் தந்தத்தை ஒட்டி, ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்று அதை வணங்குகிறது. பிளவுக்கு இந்தப்புறம் பூனையும் அந்தப்புறம் தவசியும் ஒரே தோற்றத்தில் நிற்கிறார்கள். அவர் நின்ற நிலையைக் கண்டு வந்த கண்ணுக்கு இது யாருடைய நகல் என்று உடனே தெரிந்துவிடுகிறது. போலித் தவம் என்ற கருத்து ஒரு சொல்லும் இல்லாமல் மனத்தில் பதிகிறது. ஒரு உருவத்துக்குப் பக்கத்தில் எந்த உருவம் இருக்கிறது என்பதே அதன் பொருளில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. தனியாக நின்றால் இது விந்தையான ஒரு பூனை, அவ்வளவுதான். தவசிக்கு எதிர்க்கரையில் நிற்பதால் ஒரு விமரிசனம்.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், துரியோதனன் உலூகன் வழியாகத் தருமனுக்கு அனுப்பும் ஏளனச் செய்தியில் இந்தப் பூனை வருகிறது. கங்கைக் கரையில் கைகளைத் தூக்கித் தவம் செய்வதுபோல் நின்று, எலிகளின் நம்பிக்கையைப் பெற்று, அவற்றையே தின்று கொழுத்த பூனை அது. இப்போது அந்தக் கதையின் இரண்டு நுனிகளையும் பாருங்கள். அது பாரதக் கதை என்பதால் அர்ச்சுனன் கட்சிக்கு உதவுகிறது. அது கங்கைக் கரையில் நடந்தது என்பதால் பகீரதன் கட்சிக்கும் உதவுகிறது. நூலறிந்தவர் எந்தக் கதையோடு வந்து நின்றாலும் பூனை அவருக்கு ஆமென்று தலையசைக்கும். நூலறியாதவருக்கும் பூனையும் எலியும் போதும்.

இதனால்தான் வழிகாட்டிகள் பெயரில் தொடங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சென்ற முறை பேருந்தில் வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். “இதுதாங்க அர்ச்சுனன் தபசு” என்று வழிகாட்டி சொன்னதும், பெரியவர்கள் எல்லோரும் அர்ச்சுனனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் படம் எடுத்துக்கொண்டு கிருஷ்ண மண்டபத்தை நோக்கி நடந்துவிட்டார்கள். கூட வந்த சிறுமி மட்டும், “அப்பா, அந்தப் பூனை ஏன் சாமி கும்பிடுது?” என்று கேட்டுக்கொண்டே பின்தங்கினாள். பெயர் தெரிந்ததும் பார்வை முடிந்துவிடுகிறது. விடையைத் தெரிந்துகொண்டு வருகிறவர் அந்த விடைக்குப் பொருந்தும் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். பொருந்தாதவை அவர் கண்ணில் விழுவதே இல்லை. பெயர்ப்பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இருக்கும் இடம் முக்கியம். பாறையை அணுகும் வழியில் இல்லாமல், பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயிலில் போங்கள். யாரிடமும் எதுவும் கேட்காமல், தவசியிடமிருந்து தொடங்காமல், கீழே இடப்புறமிருக்கும் அந்தச் சிறு கோயிலிலிருந்து தொடங்குங்கள். உள்ளே நிற்பவர் திருமால். கோயிலடியில், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் ஒரு மான் இருக்கிறது. கோயிலின் முன் அமர்ந்திருக்கும் முனிவர்களில் சிலருக்குத் தலை உடைந்துபோயிருக்கிறது. மேலே சிவனை நோக்கித் தவம் செய்பவரும் இங்கே திருமாலின் முன்னே ஒடுங்கி அமர்ந்திருப்பவரும் ஒருவர்தாமா, இருவரா? ஒருவரே என்றால் ஒரே பாறையில் அவரை இரு வேறு காலங்களில் காட்டியிருக்கிறார்கள். அர்ச்சுனன் என்று கொள்பவர்கள் இதை இமயத்துப் பதரியில் நர நாராயணர் இயற்றிய தவத்தோடு இணைப்பார்கள்; அந்த நரனே அர்ச்சுனனாகப் பிறந்தான் என்பது மரபு. பகீரதன் என்று கொள்பவர்கள் பதரியும் கங்கையின் கரைதானே என்பார்கள். அங்கிருந்து உங்கள் கண் தானாக மேலே போகும்; யானைகளை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.