கியர் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்: கடையில் சொல்லாமல் விட்டவை

டிசம்பரில் கோத்தகிரியில் விடியற்காலை வண்டி எடுக்கிறவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. கண்ணாடி முழுக்கப் பனி, டீசல் இன்ஜின் சூடேற நேரமாகும். வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டே ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் என்றால் யாருக்குக் கசக்கும்? கோவையில் ஒரு கடையில் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்த கிட் வாங்கினேன். கியர் வண்டி, சாவியில் சிப் இருக்கிறது என்று சொல்லித்தான் கேட்டேன். “எல்லா வண்டிக்கும் சேரும் சார்” என்றார்கள்.

பெட்டியைப் பிரித்தால் இம்மொபிலைசர் பைபாஸ் இல்லை. சரியான சிப் சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத பூட்டுதான் இம்மொபிலைசர், சாவி உள்ளே இருப்பதாக அதை நம்ப வைக்கும் சின்னப் பெட்டி பைபாஸ். அது இல்லாமல் ஸ்டார்ட்டர் சுற்றும், சாவியின் சிப்பைப் பார்க்காததால் இன்ஜின் பிடிக்காது. போன் செய்தால், “அது தனியா வாங்கணும் சார்.” இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மறுபடி மலை இறங்கி ஏறும் வேலை மிச்சம். திருப்பித் தருகிறேன் என்றதற்கு, பெட்டி பிரித்தாயிற்று, எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள். பைபாஸுக்குள் வைக்க ஒரு ஸ்பேர் சாவியும் வேண்டும். கையில் இருப்பது ஒரே சாவி என்றால் அதற்கும் செலவு எடுத்து வையுங்கள்.

அலாரம் பாகம் ஒரு மதியத்தில் முடிந்தது. கிட்டோடு வந்த வயரிங் படத்தின் கலரை மட்டும் நம்பாதீர்கள், என் வண்டியில் பாதி ஒத்துவரவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: இக்னிஷன் வயரில் ஸ்டார்ட் அடிக்கும்போதும் 12 வோல்ட் நிற்கும், ரேடியோ மாதிரியானவற்றுக்குப் போகும் ஆக்சசரி வயரில் அந்த நேரம் போய்விடும், ஸ்டார்ட்டர் வயரில் அப்போது மட்டும் வரும். ஸ்டீயரிங் கீழே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கை வைக்க வேண்டாம், அது ஏர்பேக். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விட்டால் நம்ம ஊர் மூடுபனிக்குச் செம்புக் கம்பியில் களிம்பு ஏறிவிடும். சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீர் தேங்காது.

இனி ரிமோட் ஸ்டார்ட். மலையில் யாரும் வண்டியை நியூட்ரலில் நிறுத்துவதில்லை. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைக்கிறோம். கியரில் நிற்கிற வண்டிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் அது கியரைப் பொறுத்து முன்னாலோ பின்னாலோ பாயும். புதிய வண்டிகளில் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற காவல் உண்டு. ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்ய வேண்டுமென்றால் அதையே வயர் போட்டு ஏமாற்ற வேண்டும். வண்டி நியூட்ரலில்தான் நிற்கிறது என்று உறுதி செய்யக் கிட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போதே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, ரிமோட்டை அமுக்கிச் சாவியை எடுத்துவிட வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிக் கதவை மூடிப் பூட்டியதும் இன்ஜின் தானாக நிற்கும். அதன்பின் கதவு திறந்தால், யாராவது கியர் போட்டிருக்கலாம் என்பதால், ரிமோட் ஸ்டார்ட் ரத்து. சமதளத்துக்கு நல்ல ஏற்பாடுதான். எங்கள் வீட்டுச் சரிவில் ராத்திரி முழுக்க நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் நம்பி விடுவதா? கீழே பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறது. நான் அந்த வயர்களை இணைக்கவே இல்லை, கிளட்ச் சுவிட்சையும் தொடவில்லை. பார்க் (P) நிலை உள்ள ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் போடலாம். போட்டாலும் மூடிய ஷெட்டுக்குள் ஓட விடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். தெருவில் நிறுத்தியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 126-ஆம் பிரிவையும் பாருங்கள்: பொது இடத்தில் ஓட்டுநர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் இன்ஜின் ஓடக் கூடாது.

அலாரம் மட்டும் நன்றாகவே இருக்கிறது, அதுவும் வண்டி அதிர்ந்தால் அலாரத்தைக் கிளப்பும் ஷாக் சென்சாரைக் குறைத்த பிறகு. கடையில் வைத்துத் தந்த அளவில், ராத்திரி காட்டெருமை ஒன்று பம்பரில் முதுகு சொறிந்ததற்கே தெரு முழுக்க எழுந்துவிட்டது. குரங்கு கூரையில் குதித்தால் அலறாத அளவுக்கு இறக்குங்கள். கதவு திறந்தால் எப்படியும் கத்தும். ரிமோட் பேட்டரி தீர்ந்தால் அலாரத்தை நிறுத்த வேலே பட்டன் என்று ஒன்று உண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். ரிமோட் ஸ்டார்ட் ரிலேயும் பைபாஸும் பொருத்தாமல் அலமாரியில் கிடக்கின்றன. ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன்.