60 யூனிட்டுக்கு மூன்று வருடம்

2022 ஆகஸ்டில் கல்லூரியில் சேரப் போனபோது என் கைப்பையில் பிளஸ் டூ மார்க் ஷீட் இருந்தது. 2005ல் சங்கரன்கோவிலில் வாங்கி லேமினேட் போட்டு, கல்யாணமாகி சான் ஹோசே வந்தபோதும் மறக்காமல் எடுத்து வந்தது. சேர்க்கைப் பிரிவில் யாரும் அதைக் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜில், அதாவது முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய அரசுக் கல்லூரியில், 18 வயதானவர்கள் சேரலாம். எத்தனை மார்க், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியே கிடையாது. படிப்பு நின்று 17 வருடம் ஆன எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அவர்கள் கேட்டது வேறு காகிதங்கள். இந்த மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கிறோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் போன்றவை. இதை அலட்சியமாக விடாதீர்கள். பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள். மாநிலத்தவர் என்று பதிவானால் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இல்லையென்றால் பல மடங்கு. நான் எச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக, இருப்பவள். வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்கத் தடை இல்லை. அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. ஆனால் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் என்பதால் செமஸ்டருக்குச் செமஸ்டர் கட்டிக்கொண்டே வந்தோம். பாட அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளைக் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். முடிந்தவரை அவற்றையே எடுத்தேன்.

புது மாணவர்களுக்குப் பதிவு செய்யும் தேதி கடைசியில்தான் வரும். முதல் செமஸ்டரில் நான் கேட்ட வகுப்பெல்லாம் நிரம்பிவிட்டது. அக்கவுண்டிங்கில் வெயிட்லிஸ்டில் ஆறாவது ஆள். மனசு விட்டுவிடாமல் முதல் நாளே வகுப்பில் போய் உட்காருங்கள். வராதவர்கள் இடம் காலியானால் ஆசிரியரே சேர்வதற்கான எண்ணைத் தருவார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

இப்போது நான் அடிபட்ட இடத்துக்கு வருகிறேன். முதல் வருடம் கவுன்சிலர் (கல்லூரியின் பாட ஆலோசகர்) ஒருவர் சொன்னதை நம்பி ஒரு கணினிப் பாடம் எடுத்தேன். நன்றாகவே படித்தேன், ஏ கிரேடு. ஆனால் அதே கல்லூரியில் ஏறக்குறைய அதே பெயரில் இரண்டு பாடங்கள் இருந்தன. நான் எடுத்தது கல்லூரிப் பட்டத்துக்கு மட்டும் கணக்கில் வரும், பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது வராது. ஒரு வருடம் கழித்து இன்னொரு கவுன்சிலர் திரையைத் திருப்பிக் காட்டியபோதுதான் தெரிந்தது. அன்று ராத்திரி சமையல் முடிந்ததும் அசிஸ்ட் என்ற தளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று கல்லூரிவாரியாகப் போட்டிருக்கும் பொதுத் தளம் அது. ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, என் பாடம் ஒவ்வொன்றையும் நானே எழுதினேன். அதன்பிறகு எந்தக் கவுன்சிலரைப் பார்க்கப் போனாலும் அந்த நோட்டோடுதான் போனேன்.

அப்போதுதான் இரண்டு வகைப் பட்டம் இருப்பதும் முழுதாகப் புரிந்தது. ஒன்று கல்லூரி தன் சொந்த விதிப்படி தரும் சாதாரண அசோசியேட் பட்டம், அதாவது இரண்டு வருடப் பட்டம். மற்றது பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள அசோசியேட் பட்டம், 2010ல் வந்த சட்டத்தால் உண்டானது. இரண்டாவதை முடித்தால் கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் எங்காவது ஒரு இடம் உறுதி. ‘எங்காவது’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஆசைப்படும் வளாகமாகத்தான் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. யுசி என்ற இன்னொரு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் பக்கம் போக நினைப்பவர்களுக்கு டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்களில் தனியாக ஓர் உத்தரவாத ஏற்பாடு உண்டு. அதற்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அதில் இல்லை. எல்லா மாணவரும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களுக்கு என் காலத்தில் கால் ஸ்டேட்டுக்கு ஒரு பட்டியல், யுசிக்கு ஒரு பட்டியல் என்று இருந்தது. 2025 இலையுதிர் பருவம் முதல் சேருகிறவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து கால்-ஜீடெக் என்ற ஒரே பட்டியல், 34 யூனிட். நல்ல மாற்றம்.

கால் ஸ்டேட்டுக்குப் போக மேடைப்பேச்சுப் பாடம் கட்டாயம். நான் மூன்று செமஸ்டர் தள்ளிப்போட்டது அதைத்தான். ஏதாவது ஒன்றைச் செய்து காட்டி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார் ஆசிரியர். வீட்டிலிருந்து குக்கரை எடுத்துப் போனேன். வெயிட்டைத் தூக்கிக் காட்டும்போது கை நடுங்கி அது மூடியில் டக் டக்கென்று தட்டியது, கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், உள்ளே நீராவி அடைபட்டால் 120 வரை ஏறும், பருப்பு சீக்கிரம் வேகும் காரணம் அதுதான் என்றேன். கேஸ்கட்டைக் கழற்றி முன்வரிசைக்குக் கொடுத்தேன், கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. மகன் வயதுப் பையன் ஒருவன், “மூணு விசில்னு எப்படிக் கணக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்ததும் நடுக்கம் போய்விட்டது. நேரம் முடிந்தது என்று ஆசிரியர்தான் கை காட்டினார்.

விண்ணப்பம் 2024 நவம்பரில். முதல் விருப்பமாகப் போட்ட வளாகத்தில் கிடைக்கவில்லை, ஹேவர்டில் உள்ள கால் ஸ்டேட் ஈஸ்ட் பேயில் கிடைத்தது. கடைசி செமஸ்டரில் ஒரு காரியம் மறந்துவிடக் கூடாது. 60 யூனிட் முடித்ததும் பட்டம் தானாக வந்துவிடாது. பட்டத்துக்கு மனுப் போட வேண்டும், பொதுப் பாடங்களை முடித்ததற்குச் சான்றும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு பெண் அந்தத் தேதியைத் தவறவிட்டு மிகவும் அலைந்தாள்.

2025-26ல் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 6,450 டாலர். முதல் இரண்டு வருடப் பாடங்களை 46 டாலர் கணக்கில் முடித்திருக்காவிட்டால் இதை யோசித்தே இருக்க மாட்டோம்.

ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தளத்தில் என் பாடக்கணக்கைத் திறந்தேன். நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். அந்தக் கணினிப் பாடம் மட்டும் எங்கேயும் இல்லை. கீழே மொத்தம் 60 என்று இருந்தது. அடுப்படியில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.