வைரத்தை விட்டுச் சதுரங்களைப் பார்த்தேன்

2021 ஜூலையில் ஜர்னல் கிளப்பில், அதாவது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் எங்கள் கூட்டத்தில், என் பங்குக்கு வந்தது ஒரு மெட்டா அனாலிசிஸ்: பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே கணக்காகப் போடுவது. ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொரோனாவுக்குப் பலன் தருகிறதா என்று அது அலசியது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழுவுடையது. 24 ஆய்வுகள், 3,328 நோயாளிகள். இறப்பு 56 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு. இரண்டாம் அலையில் தெருவுக்குத் தெரு துக்கம் விசாரித்து ஓய்ந்திருந்தோம். மாத்திரையோ மலிவு. இது உண்மையாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

இந்த மாதிரிக் கட்டுரையில் கண் முதலில் ஓடுவது ஃபாரஸ்ட் பிளாட் என்ற வரைபடத்துக்கு. ஆய்வுக்கு ஒரு சதுரம், அடியில் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த முடிவுக்கு வைர வடிவில் ஒரு குறி. வைரத்தை விட்டுவிட்டுச் சதுரங்களைப் பார்த்தேன். மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து இறப்புகளே 128தான். அதில் எகிப்தின் எல்கஸார் ஆய்வுக்குப் பெரிய பங்கு. அது ப்ரீபிரிண்ட், அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிட்ட கட்டுரை; அதே ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. லண்டன் மருத்துவ மாணவர் ஜாக் லாரன்ஸ் அதன் மூலத்தரவைத் திறந்து பார்த்திருக்கிறார்: ஆய்வு தொடங்கும் முன்பே இறந்துபோனவர்கள் பட்டியலில் இருந்தார்கள், ஒரே விவரங்கள் பல நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தன.

என்னை உலுக்கியது, ஆய்வுகளின் தரத்தை எடைபோட நாங்கள் வைத்திருந்த செக்லிஸ்ட்தான். குலுக்கல் முறையில் பிரித்தார்களா, பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், எல்லா முடிவுகளையும் சொன்னார்களா என்றெல்லாம் கேட்கும். அத்தனையும் எழுதியதை நம்பிக் கேட்கிற கேள்விகள். ஆய்வு நிஜமாகவே நடந்ததா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதனால் மற்ற ஆய்வுகளின் அட்டவணைகளையும் கால்குலேட்டரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 30 பேர் உள்ள குழுவில் 5 சதவீதம் என்று போட்டால் அது ஒன்றரை ஆள். அப்படி ஒன்று கண்ணில் பட்டாலே அந்த ஆய்வை நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஆய்வைப் பதிவு செய்த தேதி முதல் நோயாளி சேர்ந்த தேதிக்கு முந்தியதா என்பதும் அப்படித்தான். மெனக்கெடும் வேலை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

பிறகு ஹில் குழுவே அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டு மறுபடி கணக்கிட்டது; நம்ப முடியாத ஆய்வுகளை நீக்கியதும் அந்தப் பலன் காணாமல் போனது. பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்து 2022இல் வெளியான டுகெதர் என்ற ஆய்விலும் ஐவர்மெக்டினால் மருத்துவமனை சேர்க்கை குறையவில்லை.

இப்போது எங்கள் ரிவ்யூ ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்களுக்கு மெயில் போட்டு, பெயர் நீக்கிய நோயாளிவாரித் தரவைக் கேட்கிறோம். கேட்டும் தராத ஆய்வை முதன்மைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் பிடிவாதம். தனியாகப் போட்டுக் காட்டினால் போதும் என்கிறார் என் ஆய்வு வழிகாட்டி. அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.