மூன்று குழாயிலும் அடைப்பு: ஆஞ்சியோ மேசையிலிருந்து மூன்றாவது மாதம் வரை

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோ முடிந்த கையோடு, வெளியே காத்திருக்கும் மகனையோ மனைவியையோ உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார்கள். "மூணு குழாயிலும் அடைப்பு, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க." உண்மையிலேயே அவசரமா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. மாரடைப்பு நடந்துகொண்டிருந்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே வலி வந்தாலோ யோசிக்க நேரமில்லை. நடந்தால் வலி, உட்கார்ந்தால் அடங்குகிறது என்ற நிலை என்றால் பெரும்பாலும் சில நாள் கிடைக்கும். இடது பிரதானக் குழாயிலேயே அடைப்பு என்றால் அந்த அவகாசம் சுருங்கும். நேரம் இருந்தால் ஆஞ்சியோ சிடியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டருக்கு எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் ஓட வேண்டும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் சதவீதம் பெரும்பாலும் கண் மதிப்பீடு. இடது பிரதானக் குழாயில் 50, மற்றவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் பொருட்படுத்த வேண்டிய அடைப்பு. இடைப்பட்டதாக இருந்தால் குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அழுத்த விகிதம் பார்க்கலாம், 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். "சின்டாக்ஸ் ஸ்கோர் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்பதற்கான மதிப்பெண் அது. 22 வரை குறைவு, 33உம் அதற்கு மேலும் என்றால் சிக்கல் அதிகம். சுகரும் இருந்து மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் நீண்ட காலத்துக்குப் பொதுவாக பைபாஸ்தான் மேல். குழாய்க்குள் வலைக்குழல் வைத்து விரிக்கும் ஸ்டென்ட் போட்டால் சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பது உண்மை, ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எக்கோவில் வரும் பம்பிங் சதவீதமும், அதாவது இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதும், முடிவை மாற்றும்.

"அடைப்பை எடுத்துட்டாங்க" என்று ஊரில் சொல்வது தவறு. பைபாஸில் அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தாண்டி மாற்றுப் பாதைதான் போடுகிறார்கள். மார்புச் சுவரின் உள்ளே ஓடும் இடது தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைத்தால் பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது நன்றாக ஓடும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் அதே காலத்துக்குள் ஏறக்குறைய பாதி பழுதாகிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகும் மாத்திரையை விடக் கூடாது என்பது அதனால்தான்.

அட்மிஷனுக்கு முன்பு எதை நிறுத்துவது என்பதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் க்ளோபிடோக்ரெல் 5 நாள், டிகாக்ரெலார் 3 முதல் 5 நாள், பிராசுக்ரெல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். சமீபத்தில் ஸ்டென்ட் போட்டவர் டாக்டர் சொல்லாமல் ஒன்றையும் நிறுத்தக் கூடாது. பலர் மறப்பது சுகருக்கான டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை: 3 நாள் முன்பே நிறுத்தாவிட்டால், சுகர் அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. நுரையீரல் பயிற்சிக்கான மூன்று பந்து ஊதும் கருவியை முன்கூட்டியே வாங்கிப் பழகுங்கள். பெயர்தான் அப்படி, ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டில் செய்வதாக இருந்தால் முன் அனுமதி வந்த பிறகே தேதி உறுதியாகும். அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு நாடி தாறுமாறாக ஓடும். மானிட்டர் கத்துவதைப் பார்த்து மீண்டும் அட்டாக் என்று குடும்பம் பதறும். பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் நெஞ்செலும்புதான் பெரிய கவலை. கம்பியால் கட்டிய எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய 12 வாரம் ஆகும். உதவுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதலிடம். நோயாளி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, தொடையின் பலத்தில் எழ வேண்டும். இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். 2–3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டும். டூவீலர் குறைந்தது 8 வாரத்துக்கு வேண்டாம். அசையும்போது நெஞ்சில் "டக் டக்" என்று சத்தம் கேட்டாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். சிரை எடுத்த கால் வீங்கும், கணுக்கால் பக்கம் மரத்துப்போகும்; இரண்டும் மெல்லக் குறையும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர்.

தோள் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை இவை கூட்டும்; ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்துபவர்கள் ஏராளம். நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான். லேப் தாளில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 100க்குக் கீழே நார்மல் என்று இருக்கும்; அது நோயில்லாதவர் கணக்கு. இங்கே இலக்கு 55க்குக் கீழே. அட்டோர்வா 40 அல்லது 80 போட்டும் இறங்காவிட்டால் எசெட்டிமைப் 10 சேர்ப்பார்கள்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் 5 மில்லிகிராம் சட்டைப்பையில் இருக்கட்டும். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம், உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் இதைத் தொடக் கூடாது. வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் என்பதால் டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். வைத்து 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.