தோட்டப் பாதைக்குக் கான்கிரீட் கற்கள்: வார்த்துப் பார்த்தவரை

பாதையில் பாதி தூரத்துக்குப் போதுமான கற்கள் சேர்ந்துவிட்டன. மீதியை வார்ப்பதற்கு முன்னால், இதுவரை எது எதனால் நன்றாக வந்தது என்று எழுதி வைக்கிறேன். நிறம், இலைப் பதிவு, கூழாங்கல் என்று அலங்காரம் எதுவாக இருந்தாலும், அது எப்படி வரும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. கலக்கும்போது குறைவாக ஊற்ற வேண்டும், இறுகிய பிறகு தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

நான் வார்ப்பது 30 செ.மீ. சதுரக் கல், கனம் 5 செ.மீ. கன அளவு நாலரை லிட்டர் வருகிறது, எடை 11 கிலோவை ஒட்டி. ஒருவரே தூக்கிப் பதிக்க முடிகிற அளவு. கலவை சிமென்ட் 1, மணல் 2, பொடி ஜல்லி 2. ஜல்லி 10 மி.மீ.க்கு மேல் போனால் இவ்வளவு மெல்லிய கல்லில் மூலைகள் சரியாக நிரம்புவதில்லை. அதனால் நான் 6 மி.மீ. ஜல்லியையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கலவையில் ஒரு கல்லுக்கு ஏறக்குறைய 2 கிலோ சிமென்ட் பிடிக்கிறது. அதற்கு நான் ஊற்றுவது 900 மில்லி தண்ணீர், அதாவது சிமென்ட் எடையில் 0.45 பங்கு. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்து இன்னும் குறைக்க வேண்டும். முதலில் கிளறும்போது இது போதவே போதாது என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வதுதான் இந்த வேலையில் முக்கியமானது. சிமென்ட் வேதிவினையில் தனக்குள் இழுத்துக்கொள்வது அதன் எடையில் கால்வாசித் தண்ணீரைத்தான். மீதி, கலவை இளகி அச்சுக்குள் ஓடுவதற்காக. அப்படி மிஞ்சும் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. கல் பலம் இழப்பதும், நிறம் வெளிறுவதும், மேற்பரப்பு பொடியாக உதிர்வதும் அதனால்தான். ஒரே கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் தண்ணீரைக் கூட்டி வார்த்துப் பார்த்தேன். சாயம் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் தண்ணீர் கூடிய கல் பழைய துணியைப் போல வெளுத்து வந்தது.

சரியான பதத்தில் கலவையைப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், விரலிடுக்கில் நீர் வழியாது. அச்சில் போட்டுப் பக்கங்களை ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட அதுவே இளகிப் பரவி, காற்றுக் குமிழிகள் மேலே வரும். குமிழி வருவது நிற்கும்வரை தட்ட வேண்டும். அதற்கு மேல் தட்டினால் ஜல்லி அடியில் தங்கி, சிமென்ட் பால் மட்டும் மேலே மிதக்கும். அச்சுக்கு எண்ணெய் பூசுவதில் தாராளம் காட்டக் கூடாது. துணியில் தொட்டுத் துடைத்த அளவு போதும். எண்ணெய் தேங்கிய இடத்தில் கறையும் ஊசித் துளைகளும் வருகின்றன.

நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு பொடிதான் என் தேர்வு. சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் அதிலேயே கிடைக்கின்றன, வெயிலிலும் மங்குவதில்லை. சிமென்ட் எடையில் 5 சதவீதம் போட்டாலே நல்ல அடர்த்தி வந்துவிடுகிறது. 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கலவையில் அதே நிறத்தைப் பிடிக்க முடியாது. சாம்பல் சிமென்ட்டில் மஞ்சள் அழுக்காகத் தெரிகிறது, வெள்ளை சிமென்ட்டில்தான் பளிச்சென்று வருகிறது. அதற்காகக் கல் முழுவதையும் வெள்ளை சிமென்ட்டில் வார்க்கத் தேவையில்லை. அச்சின் அடிப்பக்கம்தான் கவிழ்த்தெடுத்த பிறகு கல்லின் மேல்முகம் என்பதால், அங்கே ஒரு செ.மீ. கனத்துக்கு நிறக் கலவையைப் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே சாதாரணக் கலவையை நிரப்பிவிடலாம். தாமதித்தால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பிரிந்துவிடும்.

இலைப் பதிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நரம்பு தடித்த இலையாகப் பார்த்து, அதன் பின்புறம் கலவையைத் தொடும்படி அச்சின் அடியில் விரித்து வைக்கிறேன். அச்சை எடுத்ததும் இலை முழுதாக உரிந்து வராவிட்டால் பரவாயில்லை. காயவிட்டுப் பிறகு தேய்த்தால் துணுக்குகள் போய்விடும். சின்னச் சின்ன நரம்புகூட அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

கூழாங்கல் பதிப்பதென்றால் கூழாங்கற்களை முதலில் நனைத்துக்கொண்டு, அச்சில் நிரப்பிய கலவையின் மேலே பாதிக்கு மேல் புதையும்படி அழுத்த வேண்டும். சில மணி நேரம் கழித்து, கட்டைவிரலால் அழுத்தினால் லேசான தடம் மட்டும் விழுகிற பதம் வரும். அப்போது மென்மையான தூரிகையும் கொஞ்சம் தண்ணீரும் கொண்டு மேலே படிந்த சிமென்ட்டைக் கழுவினால் கற்கள் பளிச்சென்று தெரியும். உடைந்த கண்ணாடித் துண்டுகளை நான் சேர்ப்பதில்லை. கண்ணாடியில் உள்ள சிலிக்கா, சிமென்ட்டின் காரத்தோடு ஈரத்தில் வினைபுரிந்து உப்பக்கூடிய கூழாகிறது. அது காலப்போக்கில் கல்லையே விரிசல் விட வைக்கும்.

அப்புறம் க்யூரிங், அதாவது வார்த்த கல்லை ஈரம் போகாமல் வைத்து இறுக விடுவது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. வார்த்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி நிழலில் விட்டு, 24 மணி நேரம் கழித்து அச்சைக் கழற்றுகிறேன். குளிரான நாளென்றால் இன்னும் ஒரு நாள் விடுவேன். பிறகு குறைந்தது 7 நாள் ஈரச் சாக்குக்குள். முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. ஒரே வார்ப்பில் வந்த கற்களில் ஒன்றை மட்டும் வெயிலில் விட்டுப் பார்த்தேன். அதன் மேல் கைவைத்துத் தேய்த்தால் மாவு ஒட்டுகிறது. சாக்கில் இருந்தவற்றைத் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது.

நிறக் கற்களில் சில இடங்களில் வெள்ளைப் பூச்சு பூத்திருக்கிறது. உள்ளிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறி, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து படிவதுதான் அது. கல்லின் பலத்துக்குக் கெடுதல் இல்லை, மழையில் நனைந்து தேய்ந்து நாளடைவில் மறையும்.

கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், தோலை அரித்துவிடும். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பதிக்கிற இடத்தில் மண்ணைத் தோண்டி, 10 செ.மீ. சரளை போட்டுத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, மேலே 2 அல்லது 3 செ.மீ. மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பதித்திருக்கிறேன். 50 செ.மீ.க்கு ஒரு செ.மீ. என்று ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்ததால் மழைநீர் தேங்குவதில்லை. வழவழப்பான பிளாஸ்டிக் அச்சில் வந்த கற்கள் நனைந்தால் வழுக்கும். அவற்றை ஓரத்தில் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சொரசொரப்பானவற்றை மட்டும் கால் படும் இடத்தில் போட்டேன்.

மீதிப் பாதைக்கு அறுகோணக் கல். எதிரெதிர் பக்கங்களுக்கு நடுவே 30 செ.மீ. வர வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் 17.3 செ.மீ. பலகைகளை அறுத்தாயிற்று. கல் சுலபமாகக் கழன்று வர, பக்கங்களை மேல்நோக்கி லேசாக விரித்து ஆணியடிக்க வேண்டியதுதான் பாக்கி.