நேட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டியைத் தேடும் முறை

சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கியவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். உங்கள் பூட்டியைத் தேட அந்த எண்தான் வேண்டும்.

பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரமே சோர்ந்துபோவீர்கள். முனியம்மா, லட்சுமி, தாயி என்று கப்பலில் வந்தவர்களின் பட்டியலில் எத்தனையோ பேர். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே தாயிக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். இன்றைய குடும்பப் பெயரால் தேடுவது அதைவிட வீண்வேலை. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலியார் ‘மூட்லி’ ஆனதும் பின்னால் ஆண்வழியில் நிலைத்தவை. கப்பலேறிய பெண்ணுக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரும்தான்.

எண்ணைப் பழைய திருமணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் பாருங்கள். அவளுடையது கிடைக்காவிட்டால் கணவனுடையதை எடுங்கள். ஒரே குடும்பமாக ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். கணவன் வேறு கப்பலில் வந்திருந்தால் திருமணம் நேட்டாலில் நடந்திருக்கலாம். தனியாகக் கப்பலேறிய பெண்கள் நிறையப் பேர். அதைக் குடும்பம் மறைத்திருந்தாலும் நீங்கள் மறைக்காதீர்கள்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் பட்டியல்கள் உள்ளன. வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனப் பத்திகள் இருக்கும். வயதை உத்தேசமாகக் கொள்ளுங்கள். தொடக்ககாலப் பட்டியல்களில் சாதிப் பத்தியில் ‘மலபார்’ என்றிருந்தால் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கால ஆங்கிலேயர் தமிழரையே அப்படி அழைத்தார்கள். ‘ஜென்டூ’ என்றால் தெலுங்கர்.

ஊரைப் பிடிக்க முதலில் தாலுகாவை உறுதி செய்யுங்கள். வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. 1911-க்கு முன் சித்தூரும் அதில்தான் இருந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு என்பதால், தாலுகா தெரியாமல் ஊரை முடிவு செய்தால் வேறு யாரோ ஒருவரின் ஊருக்குப் போய் நிற்பீர்கள்.

பெண்களின் பிறந்த ஊரைத் தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது குலதெய்வத்தில்தான். குடும்பம் இன்றும் பெயர் சொல்லிக் கும்பிடும் தெய்வம் பெரும்பாலும் பூட்டனின் வழியில் வந்தது. அந்தக் கோயிலைக் கண்டுபிடித்தால் பூட்டன் ஊருக்குத்தான் வழி தெரியும். பூட்டியின் தாய்வீட்டுக்குக் கப்பல் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே உள்ள அந்த ஒற்றை வரிதான் வழி.