ஐடிலில் ஆடும் கார்

முதலியார்பேட்டை மெக்கானிக் அண்ணன், "இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிடலாம் தம்பி" என்றார். இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம் அது. எனக்கு உடன்பாடில்லை. என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான் குலுங்குகிறது. ஈசிஆரில் காலாப்பட்டு வரை மிதித்தால் ஒரு குறையும் இல்லை. இன்ஜெக்டர் அடைத்திருந்தால் வேகத்திலும் இழுவை குறையுமே?

ஸ்கேனரைச் செருகி ஃப்யூயல் ட்ரிம் பார்த்தேன்; கலவையைச் சரிசெய்யக் காரின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்ற கணக்கு அது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பிளஸ் 22 சதவீதம்; 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 4. அப்படியென்றால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகத்தில் அதே கசிவு பெரிதாகத் தெரியாது. பெட்ரோல் அழுத்தம் குறைந்திருந்தால் பெரும்பாலும் நேர் எதிர்: வேகம் கூடக்கூட ட்ரிம் ஏறும். (இதைப் பார்க்காமல் பார்ட் மாற்றச் சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்.)

சரி என்று அண்ணன், கசிவு இருக்கும் இடத்தில் புகை வெளியே வருமே என்று, இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில்) புகை செலுத்திப் பார்த்தார். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும் பிசிவி குழாயின் வளைவில், கண்ணுக்கே தெரியாத அடிப்பக்கத்தில் வெடிப்பு! இன்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து போயிருந்தது. இப்போதைக்கு சிலிகோன் டேப் சுற்றியிருக்கிறோம். ட்ரிம் 6-க்கு இறங்கிவிட்டது. புதுக் குழாய்க்குச் சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன்.